ஒரு காலும் இரண்டு பெட்டிகளும்

வாசனை எண்ணெய்களைப் பற்றி ஆராய்ச்சி செய்ய வந்தவளுக்கு மூக்கு இருந்தது, மோப்பம் இல்லை. கல்யாணத்துக்கு முன்பு வந்த ஒரு விஷக்காய்ச்சல், போகிற போக்கில் அதையும் கையோடு கொண்டுபோய்விட்டது. அடுப்பில் பால் தீய்ந்தாலும் தெரியாது, குழாயில் கேஸ் கசிந்தாலும் தெரியாது. வீட்டில் யாரும் இதைக் குறையாகச் சொன்னதில்லை. மாமனார் ஒரு படி மேலே போய், "என் சாக்ஸைப் பத்திப் புகார் சொல்லாத ஒரே ஜீவன் என் மருமகதான்" என்று வருகிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆராய்ச்சிக்கு இடம் கிடைத்ததும் அந்தக் குறையால்தான். மூலிகைகளிலிருந்து எடுத்த வாசனை எண்ணெய்கள் கிருமிகளைக் கொல்லுமா என்பது பேராசிரியரின் நெடுநாள் கேள்வி. அவருக்குக் கேள்வி நிலைத்ததே தவிர ஆள் நிலைக்கவில்லை. முதலில் வந்த மாணவன் தலைவலி என்று ஓடினான். அடுத்து வந்தவள் தும்மிக்கொண்டே சேர்ந்து, தும்மிக்கொண்டே விலகினாள். இவள் நேர்முகத் தேர்வுக்கு வந்து, "ஒரு விஷயம் சொல்லணும் சார், எனக்கு வாசனை தெரியாது" என்று கூசிக்கொண்டே சொன்னதும் அவர் முகத்தில் விளக்கு எரிந்தது.

"சுத்தமாவா?"

"சுத்தமா சார்."

"எப்போ சேர்றீங்க?"

அதற்கு முன்பு அவள் ஒரு தனியார் பரிசோதனைக்கூடத்தில் ஊராருடைய ரத்தத்தையும் சிறுநீரையும் பார்த்துக்கொண்டிருந்தாள். மகள் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த பிறகுதான் மறுபடி படிக்கலாம் என்று தோன்றியது. கூடப் படித்தவர்கள் வாங்கிய பட்டத்தை மறந்துகொண்டிருந்த வயதில் இவள் பட்டத்துக்குப் பதிவு செய்தாள். கணவன் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். கற்பவர்கள் பக்கத்தில் உட்கார்ந்தே பாதி வாழ்க்கை போனதால், வீட்டில் சோபாவில் உட்கார்ந்திருக்கும்போதும் அவனுடைய வலது கால் பிரேக்கைத் தேடும். மனைவி படிக்கப்போகிறேன் என்றதும் அந்தக் கால் ஒருமுறை தரையை அழுத்தியது. ஆனால் வாய், "சரி, போ" என்றது.

மாமனார்தான் விடவில்லை. "எண்ணெயைத் தேய்ச்சுக் குளிப்பாங்க, தாளிப்பாங்க. படிப்பாங்களா?" என்றார். சேர்ந்த அன்றைக்கே பெயரும் வைத்துவிட்டார்: டாக்டரம்மா. பட்டம் வருமோ வராதோ, பெயர் முன்கூட்டியே வந்துவிட்டது. தெருவில் காய்கறிக்காரன் வரைக்கும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தான். அவனுக்கு அதிலிருந்த கேலி தெரியாது. தன் முழங்கால் வலிக்கு மருந்து கேட்டான்.

மாமனார் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். பணிக்காலம் முழுக்கப் பொய்களைக் கேட்டுக் கேட்டு அவருக்குப் பொய்யின் மேல் கோபம்கூடப் போய், ஒரு சலிப்பு மட்டும் மிஞ்சியிருந்தது. யார் எதைச் சொன்னாலும் அவர் கேட்பது ஒன்றுதான்: "டிக்கெட் எங்கே?" மகன் மழை வரும் என்றால் டிக்கெட் எங்கே. பேத்தி வீட்டுப்பாடம் முடித்துவிட்டேன் என்றால் டிக்கெட் எங்கே. கண்ணால் பார்க்காத எதையும் அவர் பயணம் செய்ய விட்டதில்லை. ஆராய்ச்சிக்கு இதைவிடப் பொருத்தமான மனிதர் அந்த வீட்டில் யாரும் இல்லை. அவரோ ஆராய்ச்சியைத்தான் கேலி செய்துகொண்டிருந்தார்.

வேலை என்னவோ எளிமையானதுதான். கண்ணாடித் தட்டில் கூழ் போன்ற அகரை ஊற்றி இறுக விட்டு, அதன்மேல் கிருமியைச் சீராகப் பூச வேண்டும். நடுவில் எண்ணெயில் நனைத்த சின்னக் காகித வில்லை ஒன்றை வைத்து, உடம்புச் சூட்டில் இருக்கும் பெட்டிக்குள் தட்டை வைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். மறுநாள் தட்டு முழுக்கக் கிருமி பாய் விரித்தாற்போல வளர்ந்திருக்கும். எண்ணெய்க்கு வீரியம் இருந்தால் வில்லையைச் சுற்றி மட்டும் தெளிவான ஒரு வட்டம், கிருமி கால் வைக்காத இடம். வட்டம் பெரிதென்றால் எண்ணெய் பெரிய ஆள். எண்ணெயே வைக்காத தட்டு ஒன்றும் கூடவே இருக்க வேண்டும். அதன் பெயர் கன்ட்ரோல். அதில் கிருமி நன்றாக வளர்ந்திருந்தால்தான், மற்றதில் செத்தது எண்ணெயால் என்று நம்பலாம்.

அந்த ஆய்வகத்தில் எல்லாரும் பகிர்ந்துகொள்ளும் பெரிய பெட்டி ஒன்று உண்டு. இவள் எண்ணெய்த் தட்டுகளை அதில் வைக்க ஆரம்பித்த சில நாளிலேயே, பாசி வளர்ப்பைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்த இளம்பெண் ஒருத்தி முகத்தைச் சுளித்தாள். அவளைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை, பாசி என்றுதான். பாசி துறைத்தலைவரிடம் போய், வாசனை தாங்கவில்லை என்று முறையிட்டாள். பழைய சாமான்கள் கிடந்த அறையிலிருந்து கதவு சரியாக மூடாத ஒரு சின்னப் பெட்டியைத் தேடியெடுத்து, ரப்பர் பட்டை ஒட்டிச் சரிசெய்து, இவளுக்கென்று மூலையில் வைத்துவிட்டார்கள். ரப்பர் பட்டை போட்டபின் கதவு கச்சிதமாக மூடியது. கொஞ்சம் அதிகமாகவே.

சின்னப் பெட்டியில் எண்ணெய்த் தட்டுகளுக்கே இடம் பற்றவில்லை. எண்ணெய் இல்லாத கன்ட்ரோல் தட்டால் யாருக்கும் தொந்தரவில்லையே என்று அதை மட்டும் அவள் பெரிய பெட்டியில் வைத்தாள். இதைப் பேராசிரியர் பார்த்தார், பாசி பார்த்தாள், துறைத்தலைவரும் பார்த்தார். யாருக்கும் தவறாகப் படவில்லை. பெரும்பாலான தவறுகள் இடவசதியை முன்னிட்டுச் செய்யப்படுபவைதான். செய்யும்போது அவற்றுக்கு ஒழுங்கு என்றே பெயர்.

ஓமம், கிராம்பு, துளசி, எலுமிச்சம்புல், யூகலிப்டஸ் என்று ஐந்து எண்ணெய்கள். காயங்களில் சீழ் பிடிக்க வைக்கும் பொன்னிறக் கிருமி ஒன்றின்மேல் ஐந்தையும் ஏவிப் பார்த்தாள். அது தட்டில் தங்கப் பொட்டு வைத்தாற்போல வளரும். பார்க்க அழகு, பழக ஆகாது. ஐந்து எண்ணெய்களும் வென்றன. துளசிகூட, தட்டில் பாதியைத் துடைத்துவிட்டாற்போல வட்டம் போட்டது. பேராசிரியர் தட்டை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்து, "இத்தனை வருஷம் இதுக்குத்தாம்மா காத்துக்கிட்டிருந்தேன்" என்றார். காத்துக்கொண்டிருந்தது கிடைத்துவிட்டால் மனிதர்கள் அதை அதிகம் விசாரிப்பதில்லை.

ஒரு மாநாட்டில் அவள் அதைக் கட்டுரையாகப் படித்தாள். முதல் பரிசாகக் கனமான கண்ணாடிக் கேடயம் ஒன்று கொடுத்தார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்ததும் மாமனார் அதைக் கையில் வாங்கி எடை பார்த்தார்.

"இது எதுக்கு?"

"என் எண்ணெய் கிருமியைக் கொன்னதுக்கு மாமா."

"டிக்கெட் எங்கே?"

அவள் போனில் தட்டின் படத்தைக் காட்டினாள். அவர் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார்.

"இந்த வட்டத்துக்குள்ள இருந்ததெல்லாம்?"

"செத்துப்போச்சு."

"எல்லாமா? ஒண்ணுகூட ஒளிஞ்சுக்கலையா?"

"ஒண்ணுகூட இல்ல."

அவர் நெடுநேரம் பார்த்தார். ஓடும் ரயிலில் கசங்கிய சீட்டில் தேதியைத் தேடுகிற அதே பார்வை. கடைசியில் போனைத் திருப்பிக் கொடுத்து, "டிக்கெட் சரியா இருக்கு" என்றார். கேடயத்தை டிவிக்குப் பக்கத்தில் தானே வைத்தார். அவள் அன்றைக்குச் சாப்பாடு பரிமாறும்போது ஒரு கரண்டி அதிகமாகவே வைத்தாள். கேடயத்தைவிட அந்த மூன்று வார்த்தை கனமாக இருந்தது.

கேலி செய்துகொண்டிருந்தவரையில் அந்த மனிதரால் யாருக்கும் ஆபத்தில்லை. நம்ப ஆரம்பித்த பிறகுதான் வந்தது வினை.

மாமனாருக்குப் பல வருஷமாகச் சர்க்கரை. புதுச் செருப்பு ஒன்று சுண்டுவிரல் பக்கம் கடித்தது. அவர் யாரிடமும் சொல்லவில்லை. கொஞ்ச நாள் கழித்து, பாடம் முடிந்து வீட்டுக்கு வந்த கணவன் மூக்கை உறிஞ்சி, "என்ன வீடு பூரா ஓம வாசனை?" என்றான். மகளும் ஆமாம் என்றாள். வாசனை தெரியாதவளுக்கு மட்டும் இது செய்தி. மாநாட்டில் பார்வைக்கு வைத்திருந்த ஓம எண்ணெய்ப் புட்டி ஒன்று வீட்டுப் பிரிட்ஜில் இருந்தது. போய்ப் பார்த்தாள். புட்டி முக்கால்வாசி காலி.

மாமனார் தன் அறையில் காலை நாற்காலிமேல் நீட்டி, பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். விரலைச் சுற்றித் தோல் வெந்தாற்போலச் சிவந்திருந்தது. நடுவில் குழியாக ஒரு புண், மஞ்சளாகச் சீழ்.

"என்ன மாமா இது?"

"வைத்தியம்."

"யாரு சொன்னா?"

"நீதான்."

பயத்தில் அவள் குரல் உயர்ந்தது. "அது தட்டுல மாமா! தட்டுல கொன்னா கால்லயும் கொல்லும்னு அர்த்தமில்ல. இதை அப்படியே தோல்மேல ஊத்தினா வெந்துபோகும். உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

"ஏன், இது தட்டு, இது காலுன்னு கிருமிக்கு வித்தியாசம் தெரியுமா?"

"சர்க்கரைப் புண்ணு விளையாட்டில்ல மாமா."

"கேடயம் குடுத்தவங்ககிட்ட இதைச் சொன்னியா? 'ஐயா, இது தட்டுக்கு மட்டும், காலுக்கு இல்ல'ன்னு?"

சொல்லவில்லைதான்.

கணவன் வந்து தன் பங்குக்குக் கெஞ்சினான். "அப்பா, ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டிட்டு வந்துடலாம்ப்பா."

"நீ முதல்ல ஊர்க்காரங்களுக்கு ரிவர்ஸ் எடுக்கக் கத்துக்குடு. என்கூட வேலை பார்த்தானே அந்த ரயில் கார்டு, அவனும் ஒரு தடவை காட்டிட்டு வர்றேன்னுதான் போனான். ரெண்டு காலோட போனான், ஒரு காலோட வந்தான். நான் எங்கேயும் வரல."

"அவர் புண்ணு முத்தினப்புறம் போனாருப்பா."

"டிக்கெட் எங்கே?"

அந்த வார்த்தை வந்துவிட்டால் அந்த வீட்டில் அப்பீல் கிடையாது. ஆனால் மருமகள் நகரவில்லை, வாசற்படியிலேயே நின்றாள். அவளுக்குக் கோபம் வந்தால் குரல் தாழும். "சரி மாமா. என்ன காட்டினா நீங்க வருவீங்க? அதைச் சொல்லுங்க."

அவர் யோசித்தார். பேரம் பேசுவது அவருக்குப் பிடிக்கும். "என் கால்ல இருக்கிறதை எடுத்து உன் தட்டுல வை. இதே எண்ணெயை வை. எண்ணெய் தோத்துச்சுன்னா வர்றேன். ஜெயிச்சா என்னை விட்டுடணும்."

அவள் ஒப்புக்கொண்டாள். பஞ்சுக் குச்சியால் புண்ணைத் தொட்டெடுத்து, மூடி போட்ட குழாயில் வைத்து ஆய்வகத்துக்குக் கொண்டுபோனாள். பேராசிரியரிடம் அனுமதி கேட்கவில்லை. கேட்டால் கிடைக்காது என்று தெரிந்திருந்தது. இரண்டு தட்டுகளில் பூசினாள். ஒன்றில் எண்ணெய் வில்லை, மற்றது கன்ட்ரோல். பெரிய பெட்டி சூடு நிற்காமல் பழுதாகி, மெக்கானிக் வருவான் வருவான் என்று நின்றுகொண்டிருந்த வாரம் அது. கன்ட்ரோலையும் சின்னப் பெட்டியிலேயே, தன் வழக்கமான எண்ணெய்த் தட்டுகளுக்கு நடுவில் செருகி வைத்தாள்.

மறுநாள் திறந்து பார்த்தவள் தட்டைக் கவிழ்த்தும் நிமிர்த்தியும் பார்த்தாள். எண்ணெய் வைத்த தட்டு சுத்தம். அது கிடக்கட்டும். எண்ணெயே வைக்காத தட்டிலும் ஏறக்குறைய ஒன்றுமில்லை. தயங்கித் தயங்கி வெளிறின பொட்டுகள் சில. சீழ் வடியும் புண்ணிலிருந்து எடுத்தது அது.

வீட்டில் அவர் காத்துக்கொண்டிருந்தார். பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் படத்தைக் காட்டு என்று கையை நீட்டுகிறவரிடம் என்ன பொய் சொல்வது? காட்டினாள்.

"பார்த்தியா! சும்மா வச்சதுலகூட ஒண்ணும் வரல. எண்ணெய் ஏற்கெனவே வேலையை முடிச்சிடுச்சு. என் கால்ல கிருமியே இல்லம்மா!"

"அப்புறம் ஏன் மாமா வீக்கம் கணுக்காலுக்கு ஏறியிருக்கு?"

"செத்த கிருமியெல்லாம் வெளியேறுது."

தட்டு ஒன்று சொன்னது, கால் ஒன்று சொன்னது. தட்டு சொல்வதை நம்பத்தான் அவள் இத்தனை வருஷம் படித்திருந்தாள். காலுக்கு அப்படி ஒரு படிப்பும் இல்லை. சிவந்து, வீங்கி, தொட்டால் சுட்டது, அவ்வளவுதான். அவள் காலை நம்புவதென்று முடிவு செய்தாள். அப்படியானால் தட்டு பொய் சொல்கிறது. எப்படிச் சொல்கிறது என்பதைக் கண்டுபிடித்தால்தான் இந்த மனிதர் படியிறங்குவார்.

காலையில் சீக்கிரமே ஆய்வகத்துக்குப் போய்ச் சின்னப் பெட்டியைத் திறந்தாள். இரண்டு மேசை தள்ளி உட்கார்ந்திருந்த பாசி, வழக்கம்போலத் துப்பட்டாவை மூக்குக்கு ஏற்றினாள். அந்தச் செய்கையை இவள் தினமும் பார்த்திருக்கிறாள், அந்தப் பெண்ணுக்குச் சளித் தொந்தரவு என்று நினைத்தும் இருக்கிறாள். அன்றைக்குத்தான் கேட்கத் தோன்றியது.

"வாசனை இன்னுமா வருது? இதுதான் தனிப் பெட்டியாச்சே."

"அக்கா, நிஜமாத்தான் கேக்குறீங்களா?" பாசி துப்பட்டாவை இறக்காமலே பேசினாள். "நீங்க கதவைத் திறந்தா எனக்குக் கண்ணுல தண்ணி வருது. உள்ள அப்படியே புகைஞ்சுபோய் நிக்குதுக்கா. அந்த மூலைக்குக் கொசுகூட வராது."

"எத்தனை நாளா இப்படி?"

"பெட்டி வந்த நாள்லேர்ந்து."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"உங்களுக்குத் தெரியாமலா இருக்கும்? நீங்கதானே எண்ணெய் ஆராய்ச்சி பண்றீங்க!"

ஆய்வகம் முழுக்க இவளுக்கு மோப்பம் இல்லை என்பது தெரியும். அவளுக்கு வாசனை தெரியாது என்பதை ஒரு காதிலும், அவளுக்குத் தெரியாமலா இருக்கும் என்பதை மறு காதிலும் எல்லாரும் ஒரே நேரத்தில் வைத்திருந்தார்கள். படித்தவர்களுக்கு இரண்டு காதுகளுக்கும் நடுவில் இடம் அதிகம்.

கொசு வராத இடத்தில் கிருமி மட்டும் எப்படிச் சுகமாக வளரும்? அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். வாசனை எண்ணெய் என்றால் ஆவியாகிற எண்ணெய். அது வில்லையில் மட்டும் இருக்காது, மூடிய பெட்டியின் காற்றிலும் நிற்கும். அந்தக் காற்றில் எல்லாத் தட்டும் எல்லா எண்ணெயையும் குடித்துக்கொண்டிருந்திருக்கிறது. துளசி அடித்து வீழ்த்திய கிருமியெல்லாம் ஏற்கெனவே ஓமத்தின் ஆவியில் பாதி மயங்கிக் கிடந்தவை. கன்ட்ரோல் தட்டு மட்டும் பெரிய பெட்டியில் நல்ல காற்று வாங்கிக்கொண்டு கொழுகொழுவென்று வளர்ந்து, பார்த்தீர்களா வித்தியாசத்தை என்று காட்டியிருக்கிறது. ஒருவனைப் பட்டினி போட்டு, இன்னொருவனை விருந்துக்கு அனுப்பி, இருவருக்கும் மல்யுத்தப் போட்டி வைத்தாற்போல.

நினைத்தால் போதாது, காட்ட வேண்டும். மெக்கானிக் ஒருவழியாக வந்து பெரிய பெட்டியைச் சரிசெய்துவிட்டுப் போயிருந்தான். அவள் வீட்டுக்குத் திரும்பிப் போய், "இன்னொரு தடவை எடுத்துக்கறேன் மாமா" என்றாள். ஜெயித்தவருக்கே உரிய தாராளத்தோடு அவர் காலை நீட்டினார். ஒரே குச்சியால் இரண்டு தட்டுகளில் பூசினாள். இரண்டிலும் எண்ணெய் இல்லை. ஒன்றைச் சின்னப் பெட்டியில் வைத்தாள், ஒன்றைப் பெரிய பெட்டியில்.

மறுநாள் சின்னப் பெட்டித் தட்டில் அதே வெளிறின பொட்டுகள். பெரிய பெட்டித் தட்டில் இடமே இல்லாமல், தங்கத்தை உருக்கி ஊற்றினாற்போலப் பொன்னிறக் கிருமி.

மாமனாரின் காலில் இருந்தது அதுதான். அவளுடைய ஆராய்ச்சியில் இல்லாமல் போனதும் அதுதான்.

பெரிய பெட்டித் தட்டை மட்டும் அவரிடம் காட்டிவிட்டு, சின்னப் பெட்டியைப் பற்றி வாய் திறக்காமல் இருக்கலாம் என்ற எண்ணம் அவளுக்கு வந்தது. வந்து கொஞ்ச நேரம் உட்கார்ந்தும் இருந்தது. ஆனால் அவர் முதல் கேள்வியே, "முந்தாநாள் இல்லாதது இன்னிக்கு எப்படி வந்துச்சு?" என்பதாகத்தான் இருக்கும். அதற்குப் பதில் சொன்னால் கேடயம் போகும், ஆய்வேட்டில் பெரும்பகுதி போகும். சொல்லாவிட்டால் அவர் வரமாட்டார், கால் போகும். கணக்கு எளிது. எழுந்து கணவனுக்குப் போன் செய்தாள்.

"மாமாவைக் கூட்டிக்கிட்டு லேபுக்கு வாங்க."

"ஆஸ்பத்திரிக்கா?"

"முதல்ல லேபுக்கு. டிக்கெட் காட்டணும்."

கற்றுக்குட்டிகளுக்கான சிவப்பு எழுத்து ஒட்டிய பயிற்சிக் காரில் மாமனார் வந்து இறங்கினார். மகனின் தோளைப் பிடித்து நொண்டிக்கொண்டே படியேறி, அவள் மேசைக்கு எதிரில் உட்கார்ந்தார். டேப் ஒட்டி மூடிய இரண்டு தட்டுகளை அவர்முன் வைத்தாள்.

"ரெண்டும் உங்க கால்தான் மாமா. ஒரே குச்சி, ஒரே நேரம். ரெண்டுலயும் எண்ணெய் வைக்கல. இது அந்த மூலைப் பெட்டியில இருந்தது, இது இந்தப் பெட்டியில இருந்தது."

அவர் கண்ணாடியை ஏற்றினார். "ஏன் இப்படி?"

"மூலைப் பெட்டி பூரா என் எண்ணெயோட ஆவி. அதுக்குள்ள எதை வச்சாலும் வளராது. எனக்கு வாசனை தெரியாததால நான் கவனிக்கல. உங்க கால்ல இருக்கிற கிருமி இதோ, உயிரோட இருக்கு. எண்ணெய் ஊத்தி ஊத்தியும் உயிரோட இருக்கு."

பாசி தன் மேசையிலிருந்து துப்பட்டாவோடு தலையாட்டினாள்.

"அப்போ அந்தக் கேடயம்?"

"அது பெட்டி வாங்கின கேடயம் மாமா. எண்ணெய் வாங்கினதில்ல."

அவர் அவளைப் பார்த்தார். தட்டைப் பார்க்கவில்லை. "உன் படிப்பு?"

"அது அப்புறம். கால் முதல்ல."

"தப்புன்னு நீயா வந்து சொல்ற. யாரும் கேக்காம."

"நீங்க கேட்டீங்களே."

அவர் மேசையை ஊன்றி எழுந்தார். "என் சர்வீஸ்ல கழிவறைக்குள்ள ஒளிஞ்சவனைப் பார்த்திருக்கேன், சீட்டுக்கு அடியில படுத்தவனைப் பார்த்திருக்கேன். எங்கிட்ட டிக்கெட் இல்லைன்னு தானா வந்து நின்ன ஒரு ஆளைப் பார்த்ததில்ல." மகன் பக்கம் திரும்பினார். "நிக்கிறியே, வண்டியை எடு. மெதுவாப் போகாதே."

ஆஸ்பத்திரியில் இருந்த அறுவை மருத்துவர் காலைப் பார்த்ததும், "இதுமேல யாரு ஆசிட் ஊத்தினது?" என்றார். புண்ணைச் சுத்தம் செய்தார்கள், நரம்பில் மருந்து ஏற்றினார்கள், சர்க்கரையை அடக்கினார்கள். சுண்டுவிரலைக் காப்பாற்ற முடியவில்லை. கால் தங்கியது. இன்னும் சில நாள் தள்ளியிருந்தால் விரலோடு நின்றிருக்காது என்று மருத்துவர் சொன்னபோது, மாமனார் முதல்முறையாக யாரிடமும் டிக்கெட் கேட்கவில்லை.

பேராசிரியரிடம் சொன்னது இன்னும் கடினமாக இருந்தது. அவர் இரண்டு தட்டுகளையும் பார்த்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். நல்ல மனிதர். ஆனால் காத்திருந்தது கையை விட்டுப் போவதை யாரும் நல்ல மனிதராக இருந்து பார்ப்பதில்லை.

"ஆய்வேட்டுல குறைபாடுகள்னு ஒரு பகுதி இருக்கில்ல? அதுல ஒரு வரி சேர்த்துடலாம். எல்லாரும் சேர்ப்பாங்க."

"ஒரு வரி போதாது சார். ஒரு விரல் போயிருக்கு."

"எல்லாத்தையும் முதல்லேர்ந்து செய்யணும்மா. தெரியுதா?"

"செய்யறேன்."

"பதிவு நீட்டிப்புக்கு அலையணும்."

"அலையறேன் சார்."

அலைந்தாள். செய்தாள். ஒரு நேரத்தில் ஒரே எண்ணெய். ஒவ்வொரு தட்டுக்கும் தனி உறை. கன்ட்ரோல் தட்டு எண்ணெய்த் தட்டுக்குப் பக்கத்திலேயே, ஒரே வீட்டு ஓரகத்திகள்போல. அடுத்த எண்ணெயை வைக்குமுன் பெட்டியைத் துடைத்து, கதவைத் திறந்துபோட்டுக் காற்றாட விட வேண்டும். வாசனை போய்விட்டதா என்று சொல்ல அவளிடம் கருவி இல்லை. பாசியிடம் இருந்தது. தினமும் காலையில் பாசி வந்து பெட்டிக்குள் தலையை நுழைத்து, "இன்னிக்குப் போகலக்கா" என்றோ, "வைக்கலாம்க்கா" என்றோ தீர்ப்புச் சொல்வாள். முறையிட்டு வெளியேற்றிய மூக்கையே கூப்பிட்டு வேலைக்கு வைத்தாயிற்று. ஆய்வேட்டின் நன்றியுரையில் பாசிக்கு நன்றி சொன்ன வரி, 'மூக்கு கொடுத்து உதவியமைக்காக' என்று முடிகிறது. பேராசிரியர் அதை அடித்தார். அவள் மறுபடி எழுதினாள்.

துளசி முதல் வாரமே படுத்துவிட்டது. யூகலிப்டஸ் பின்னாலேயே போனது. எலுமிச்சம்புல் நொண்டியடித்தது. ஓமமும் கிராம்பும் மட்டும் நின்றன, பழைய வட்டத்தில் பாதிகூட இல்லாத வட்டத்தோடு. ஆனால் அந்தச் சின்ன வட்டம் எத்தனை முறை வைத்தாலும் அதே இடத்தில் வந்து நின்றது. ஏமாற்றிய பெட்டியையும் அவள் விட்டுவிடவில்லை. ஆவி மட்டும் என்ன செய்கிறது என்று அதற்கும் ஓர் அத்தியாயம் கொடுத்தாள். கேடயத்தைத் திருப்பித் தருகிறேன் என்று மாநாட்டுக்காரர்களிடம் பேசினாள். அவர்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கொடுப்பதற்கு மேடையும் மைக்கும் உண்டு, திரும்ப வாங்குவதற்கு ஒரு ஏற்பாடும் இல்லை. கேடயம் இப்போது பின்கதவு காற்றில் அடிக்காமல் முட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. அந்த வேலையை ஒழுங்காகச் செய்கிறது.

வாய்மொழித் தேர்வு யார் வேண்டுமானாலும் வந்து கேட்கக்கூடியது. மாமனார் முன்வரிசையில், சுண்டுவிரல் இல்லாத காலுக்கென்று தைத்த ஷூவோடு உட்கார்ந்திருந்தார். வெளியூர்த் தேர்வாளர் கேட்க வேண்டியதெல்லாம் கேட்டுவிட்டு, "அவையில யாராவது கேக்கணும்னா கேக்கலாம்" என்றார். வழக்கமாக அந்த இடத்தில் எல்லாரும் காபியை நினைத்துக்கொண்டு மௌனமாக இருப்பார்கள். மாமனார் எழுந்தார்.

"கன்ட்ரோல் தட்டை எங்கே வச்சீங்க?"

கணவனின் வலது கால் தரையை ஓங்கி அழுத்தியது. பேராசிரியர் மேசையைப் பார்த்துக் குனிந்தார். அவள் மட்டும் நேராக நின்றாள்.

"அதே பெட்டியில, அதே அடுக்குல, பக்கத்துலயே வச்சேன். எல்லாப் படத்துலயும் ரெண்டு தட்டும் சேர்ந்தே இருக்கு. வேணும்னா மேல வந்து பாருங்க."

"பார்க்கணும்" என்றார். ஊன்றுகோலோடு மேடை ஏறி, ஒவ்வொரு படமாகக் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார். தேர்வாளருக்கு இவர் எந்தப் பல்கலைக்கழகம் என்று குழப்பம். பார்த்து முடித்து, தலையை ஆட்டிவிட்டு இறங்கிப் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தார்.

திரும்பும்போது பயிற்சிக் காரில் பின்சீட்டில் அவள் பக்கத்தில் மாமனார் உட்கார்ந்திருந்தார். வீடு நெருங்கும்போது பெருமூச்சு விட்டார்.

"இனிமே உன்னை எப்படிம்மா கேலி பண்றது? வச்ச பேரு நிஜமாயிடுச்சே."

"வேற பேரு வைங்க மாமா."

"பார்க்கிறேன்" என்றார் அவர். யோசிக்க ஆரம்பித்துவிட்டார் என்பது முகத்தில் தெரிந்தது.